உப்புக் காற்றும் புதுச் சாயமும்

மயாமி பீச்சின் பழைய கடற்கரை விடுதிகளை உண்மையில் காப்பாற்றுவது எது?

அந்தி சாயும் நேரம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி பீச் நகரின் ஓஷன் டிரைவ் சாலையில், மூன்று மாடியும் நான்கு மாடியுமாக விடுதிகள் கடலைப் பார்த்து வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் நியான் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்குகின்றன. 1935-இல் கட்டிய காலனி விடுதியின் நீல எழுத்துகள் சாலை முழுக்க ஒளி பரப்புகின்றன. பெட்டியை உருட்டிக்கொண்டு வரும் பயணி, நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருந்தது போன்ற மொசைக் தரையில் கால் வைக்கிறார். கப்பலில் இருப்பதுபோல வட்டச் சன்னல்கள், மூலை மடங்கும் இடத்தில் வளைந்து திரும்பும் சுவர்கள், எண்பது ஆண்டைத் தாண்டிய வரவேற்பு மேடை. அவர் காசு கொடுத்து வாங்குவது ஓர் அறையை மட்டும் அல்ல, ஒரு காலத்தையும்தான்.

இதே கடற்கரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தெருக்கள் தாண்டி வடக்கே போனால், 67-ஆம் தெருவருகே டோவில் விடுதி நின்ற இடம் வரும். 1957-இல் கட்டியது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் இங்கிருந்து பாடியதை அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. 2022 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை காலை, வெடிவைத்து அதைத் தரைமட்டமாக்கினார்கள். சில நொடிகளில் எல்லாம் முடிந்து, புழுதி மட்டும் கடற்காற்றில் நகர்ந்தது. டோவிலும் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதிக்குள் நின்ற கட்டடம்தான். அதன் முகப்பை விரும்பியவர்களுக்கும் குறைவில்லை. ஒன்று மினுங்க, மற்றொன்று மண்ணானதற்கு அழகும் ரசனையும் காரணம் அல்ல. ஆண்டுதோறும் கம்பியையும் காரையையும் கவனித்த கை ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லாமல் போனது. பழைய கடற்கரை விடுதிகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ‘புதுப்பிப்பு’ என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறோம். பேசவேண்டிய சொல் ‘பராமரிப்பு’. இரண்டும் வேறு என்பதும், சட்டமும் பணமும் பயணிகளும் முன்னதற்கே மாலை போடுவதால்தான் பின்னது செத்துப்போகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சிக்கனத்தில் பிறந்த அழகு

இந்த விடுதிகள் செழிப்பில் பிறந்தவை அல்ல. 1926 செப்டம்பரில் அடித்த பெரும் சூறாவளி ஃபுளோரிடாவில் ஏற்கெனவே தளர்ந்துவந்த நில வியாபார வெறிக்கு முடிவு கட்டியது. மூன்று ஆண்டுகளில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. அதிலிருந்து நாடு மெல்லத் தலைதூக்கிய 1930-களின் நடுப்பகுதியில், நடுத்தர மக்கள் ஒரு வாரம் கடலோரம் தங்கிப்போகக் கட்டியவையே இவை. ஹென்றி ஹோஹவுசர், எல். மரே டிக்சன், ஆல்பர்ட் அனிஸ், ராய் ஃபிரான்ஸ் முதலிய ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடக்கூடிய கட்டடக் கலைஞர்கள் குறுகிய மனைகளில் குறைந்த செலவில் பெரும்பாலானவற்றை எழுப்பினார்கள். பளிங்குக்குக் காசு இல்லாததால் சிமென்டில் வண்ணச் சில்லுகளைப் பதித்துத் தரை போட்டார்கள். அறைகளைச் சிறியதாக வைத்து, ஆட்கள் வெளியே வந்து உட்காரத் தெருவைப் பார்த்த திண்ணை வைத்தார்கள். குளிர்சாதனம் பரவாத காலம் என்பதால், ஒவ்வொரு சன்னல் வரிசைக்கு மேலும் பட்டையாகச் சன்ஷேடு இழுத்தார்கள். அவர்கள் ஊரில் அதைப் ‘புருவம்’ என்கிறார்கள். இன்று வேடிக்கை பார்க்கிறவர் அலங்காரம் என நினைக்கும் பலவும் வெயிலுக்கும் பணமுடைக்கும் சொன்ன பதில்கள். மும்பை மெரின் டிரைவின் பழைய அடுக்குமாடிகளிலும் இதே புருவங்களைப் பார்க்கலாம். அந்தக் கட்டடத் தொகுதி 2018-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. தீவு நகரான மயாமி பீச்சின் பல விடுதிகள் யூதர்களை உள்ளே விடவில்லை. கறுப்பின மக்கள் இங்கே வேலை செய்ய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டியிருந்தது. விடுதி மேடையில் பாடிக் கைத்தட்டு வாங்கிய கறுப்பினக் கலைஞர்கள், இரவு தங்க விரிகுடாவைக் கடந்து மயாமி நகரின் ஓவர்டவுன் பகுதிக்குப் போனார்கள். இந்தக் கட்டடங்களைக் காப்பது அந்தக் காலத்தைக் கொண்டாடுவதாகாது. எந்த வாசல் யாருக்கு அடைத்திருந்தது என்று சொல்லிக்காட்டவும் வாசல் நின்றாக வேண்டும்.

[பெட்டிச் செய்தி]
ஒரு பட்டியல், இரண்டு இடிப்புகள்
பார்பரா பேர் கேப்பிட்மன் 1976-இல் தொடங்கிய மயாமி டிசைன் பிரிசர்வேஷன் லீக் அமைப்பின் உழைப்பால், 1979 மே மாதம் ஓஷன் டிரைவ் அடங்கிய இந்த வட்டாரம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. சுமார் 800 கட்டடங்கள் இதில் அடக்கம். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களுக்காக அப்பதிவேட்டில் இடம்பெற்ற முதல் வட்டாரம் இது.
ஆனால் பதிவேட்டில் ஏறியதாலேயே ஒரு கட்டடம் தப்பிவிடாது. சொந்தப் பணத்தில் இடிக்க விரும்பும் தனியாரை அது தடுப்பதில்லை. 1981-இல் ஹோஹவுசரின் நியூயார்க்கர் விடுதி போனது. 1988-இல் செனட்டர் விடுதி வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று இடிபட்டது. தடுக்கும் அதிகாரம் உள்ளூர்ச் சட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சட்டம் வலுப்பெற இந்த இழப்புகள் தேவைப்பட்டன.

அந்த இளஞ்சிவப்பு எப்போது வந்தது?

எதைக் காப்பாற்றுகிறோம் என்ற கேள்வி இங்கே எழும். பயணிகள் படமெடுக்கும் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும் மஞ்சளும் 1930-களின் நிறங்களே அல்ல. அன்று பெரும்பாலான விடுதிகள் வெள்ளைச் சுவரும், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வண்ணமுமாக இருந்தன. கேப்பிட்மனுடன் இணைந்து உழைத்த வடிவமைப்பாளர் லெனார்டு ஹோரோவிட்ஸ் 1980-களில் பரிந்துரைத்த வண்ணங்கள்தாம் இன்று ‘அசல்’ ஆகிவிட்டன. 1984-இல் தொடங்கிய ‘மயாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடர் அவற்றை உலகத்தின் வீட்டுக்கூடங்களில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தக் கட்டடங்களின் பாணிக்கு இன்று வழங்கும் ‘ஆர்ட் டெகோ’ என்ற பெயரே 1960-களின் இறுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. கட்டியவர்கள் தங்கள் பாணியை வெறுமனே ‘நவீனம்’ என்றார்கள். ஆகவே, ‘பழமை என்று நீங்கள் காப்பதே ஒரு கற்பனைதானே, பிறகு எதற்கு இத்தனை கெடுபிடி?’ என்று கேட்பவர்கள் முட்டாள்கள் அல்லர்.

அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதில், சாயம் கட்டடம் ஆகாது என்பதே. நிறத்தை நாளைக்கே மாற்றலாம், ஐந்தாண்டு கழித்துத் திரும்பவும் மாற்றலாம். திண்ணையை அடைத்துவிட்டால், புருவத்தைச் செதுக்கி எறிந்துவிட்டால், மூன்று மாடி வரிசையின் நடுவே இருபது மாடி ஒன்று முளைத்துவிட்டால், திரும்ப வழியில்லை. ஹோரோவிட்ஸின் வண்ணம் பொய் என்றால் அது பயனுள்ள பொய்: பாழடைந்து கிடந்த சுவர்களின் மீது கண்கள் திரும்ப அது உதவியது. பிழை நடந்தது அதற்குப் பிறகு. கண்ணுக்குத் தெரிந்த சாயத்தைக் கண்டு, கட்டடம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள்.

கம்பிக்குள் நடப்பது

பெசன்ட் நகரிலோ கொட்டிவாக்கத்திலோ கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சன்னல் கம்பி இரண்டு மழைக்குள் பொரிந்துபோகும். மாடி விளிம்பில் காரை பெயர்ந்து விழும். காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளை வழியே மெல்ல உள்ளே இறங்குகிறது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை வைத்திருக்கும். உப்பின் குளோரைடு போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் படலம் உடைகிறது. துருவானது தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளேயிருந்து கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே இன்னும் உப்பும் நீரும் வரும். வெளியே பூசிய சாயம் இதை நிறுத்தாது. பல நேரம் மறைத்துவைக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நோய்க்குச் செலவுக் கணக்கு ஒன்று உண்டு. நெதர்லாந்துப் பொறியாளர் டி சிட்டர் 1984-இல் சொன்ன ‘ஐந்தின் விதி’ அது. கட்டும்போது நன்றாகச் செய்ய ஒரு டாலர் ஆகும் என்றால், துரு தொடங்கும் முன்பே பராமரிக்க ஐந்து டாலர், அங்கங்கே துரு தொடங்கியபின் சரிசெய்ய 25, எங்கும் பரவியபின் மீட்க 125 என்பது அதன் சாரம். துல்லியமான சமன்பாடாக அதைக் கொள்ள வேண்டாம். அனுபவத்தில் கண்ட ஒரு மதிப்பீடு. ஆனால் அது காட்டும் திசையில் எந்தப் பொறியாளருக்கும் சந்தேகம் இல்லை. தள்ளிப்போட்ட வேலை வட்டிபோல வளர்வதில்லை, மடங்கு மடங்காகப் பெருகுகிறது.

இது உயிர்க்கணக்கும்தான். டோவில் நின்ற இடத்திலிருந்து இருபது தெரு வடக்கே, சர்ஃப்சைடு ஊரில், 1981-இல் கட்டிய சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு 2021 ஜூன் 24 பின்னிரவில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். முதலில் உட்கார்ந்தது நீச்சல் குளத்தை ஒட்டிய தளம். தொடக்கத்திலேயே வடிவமைப்பில் குறை இருந்தது. அதன்மேல் நீர்க்கசிவும் துருவும் சேர்ந்தன. 2018-லேயே ஒரு பொறியியல் அறிக்கை அந்தத் தளத்தின் நீர்த்தடுப்பு பொய்த்துவிட்டதைச் சுட்டிக்காட்டி, பழுதுபார்க்க சுமார் 90 லட்சம் டாலர் ஆகும் என்றது. வீட்டுக்காரர்கள் வாதாடி, தள்ளிப்போட்டு, பணம் கட்டச் சம்மதித்தபோது தொகை 150 லட்சம் டாலரை எட்டியிருந்தது. வேலை முழுமையாகத் தொடங்கும் முன் கட்டடம் விழுந்தது. அது விடுதி அல்ல, குடியிருப்பு என்று ஒதுக்க முடியாது. ஒரே மணல், ஒரே காற்று, ஒரே இரும்பு.

இப்போது சட்டம் எதற்குப் பரிசு கொடுக்கிறது என்று பாருங்கள். வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தை விதிப்படி மீட்டெடுத்தால், செலவில் 20 சதவீதத்தை அமெரிக்க மத்திய அரசு வரிச்சலுகையாகத் தருகிறது. நல்ல திட்டம்தான், ஆயிரக்கணக்கான கட்டடங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதைப் பெற, வழக்கமாக 24 மாதத்துக்குள் செய்யும் செலவு, கணக்கில் அந்தக் கட்டடத்துக்கு உள்ள மதிப்பையே தாண்ட வேண்டும். அதாவது பெரிய வேலையாக இருந்தால்தான் பரிசு. ஆண்டுக்கு ஒருமுறை விரிசலை அடைத்து, கம்பியைச் சுரண்டிப் பூச்சுப் பூசி, கூரையின் நீர்த்தடுப்பைப் பார்த்துக்கொள்ளும் உரிமையாளருக்கு அந்தச் சலுகை எட்டாது. சாதாரண வியாபாரச் செலவாக எழுதிக்கொள்வதோடு சரி. வங்கியும் அப்படித்தான்: புதுப்பிப்புக்குக் கடன் கிடைக்கும், கொத்தனார் கூலிக்குக் கிடைக்காது. பயணிகளும் வேறல்லர். புதிய விளக்கும் மெத்தையும் படத்தில் விழும். வெளித்தெரியாமல் மாற்றிய வடிகால் குழாய் எந்தப் படத்திலும் விழாது.

[பெட்டிச் செய்தி]
நிழலுக்கு ஒரு வழக்கு
கட்டடக் கலைஞர் மாரிஸ் லப்பிடஸ் வடிவமைத்த ஃபவுன்டன்புளூ விடுதி 1954-இல் திறந்தது. அவரே வடிவமைத்த ஈடன் ராக் விடுதி மறுவருடம் பக்கத்திலேயே எழுந்தது. ஃபவுன்டன்புளூ 14 மாடிக் கூடுதல் கட்டடம் ஒன்றை எழுப்பத் தொடங்கியபோது, அதன் நிழல் பிற்பகலில் தங்கள் நீச்சல் குளத்தில் விழும் என்று ஈடன் ராக் தரப்பு வழக்குப் போட்டது. வெயிலுக்கு யாருக்கும் சட்ட உரிமை இல்லை என்று 1959-இல் ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது.
சுமார் நூறு கோடி டாலர் செலவில் விரிவாக்கிப் புதுப்பித்து 2008-இல் ஃபவுன்டன்புளூ மீண்டும் திறந்தது. 1,500 அறைகள் கொண்ட விடுதிக்கே அது முடிந்தது.

கைவிட்டால் ஆதாயமா?

டோவிலின் கதைக்குத் திரும்புவோம். 2017 ஜூலையில் மின்கோளாறால் தீப்பிடித்து விடுதி மூடப்பட்டது. செப்டம்பரில் இர்மா சூறாவளி வந்தது. அதன்பின் அது திறக்கவே இல்லை. சன்னல் உடைந்து, மழை உள்ளே இறங்கி, ஆண்டுகள் ஓடின. உரிமையாளர் கட்டடத்தைப் பாழாக விடுவதாக நகராட்சி நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில், கட்டடம் பாதுகாப்பற்றது என்ற பொறியியல் அறிக்கையை நகரக் கட்டட அதிகாரியும் ஏற்றார். வரலாற்றுப் பாதுகாப்பு வாரியம் கையைப் பிசைய வேண்டியதாயிற்று, ஏனென்றால் ஆபத்தான கட்டடத்தை இடிப்பதற்கு வாரியத்தின் சம்மதம் வேண்டியதில்லை. ‘கைவிட்டு இடித்தல்’ என்று பாதுகாப்பாளர்கள் இதை அழைக்கிறார்கள். ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்பெழுத வேண்டியதில்லை. பணம் இல்லாமலும் காப்பீடு கிடைக்காமலும் தவிக்கும் உரிமையாளர்கள் உண்டு. ஆனால் பாதுகாக்கப்பட்ட ஒரு விடுதி விழுந்தபின் காலி மனையின் விலை, விடுதி நின்றபோது இருந்ததைவிட உயருமானால், எந்த நல்ல மனிதரும் பழுதுபார்ப்பதற்கு அவசரம் காட்டமாட்டார். அந்த இடத்தில் இன்னும் பெரிதாகக் கட்ட அனுமதி கேட்ட முன்மொழிவை, வெடிவைப்புக்கு ஐந்து நாள் முன்னர் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் நிராகரித்தார்கள். இடத்தின் மீது ஆசை வைத்தவர்களுக்கு வாக்குச்சீட்டு சொன்ன அந்தப் பதில்தான், இந்த விஷயத்தில் சரியான மருந்துக்கு மிக அருகில் வந்தது: விழுந்த கட்டடத்தின் இடத்தில் அதைவிடப் பெரிதாக எழ முடியாது என்றால், விழவிடுவதில் ஆதாயம் இல்லை.

‘என் சொத்து, என் விருப்பம்’ என்பது அடுத்த எதிர்வாதம். அமெரிக்காவில் அதற்குக் கனம் அதிகம். ஆனால் ஓஷன் டிரைவில் ஓர் அறையின் வாடகையை அந்த ஒரு கட்டடம் மட்டும் சம்பாதித்துக் கொடுப்பதில்லை. பக்கத்து விடுதியின் நியானும், எதிர்ப்புறம் தடையில்லாமல் தெரியும் கடலும், தெரு முழுவதும் ஒரே உயரத்தில் ஓடும் வரிசையும் சேர்ந்து சம்பாதிப்பது அது. வரிசையால் வரும் லாபத்தை வாங்கிக்கொள்கிறவர், வரிசையில் தன் பல்லைச் சொத்தையாக்காமல் வைத்திருக்கக் கடமைப்பட்டவர். 2024-இல் ஃபுளோரிடா கொண்டுவந்த சட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. கடலோரக் கட்டுமானக் கோட்டுக்குக் கடல் பக்கமாக நிற்கும், இன்றைய வெள்ள உயர விதிக்குப் பொருந்தாத பல கட்டடங்களை இடிப்பதைத் தடுக்கும் உள்ளூர் அதிகாரத்தை அது சுருக்கியது. தேசியப் பதிவேட்டில் தனிப்பெயராக இடம்பெற்றவற்றுக்கு விலக்கு உண்டு. வட்டாரத்தின் ஓர் அங்கமாக மட்டும் பட்டியலில் இருப்பதன் பலவீனம் இங்கே வெளிப்படுகிறது.

அந்தத் திண்ணையில் இன்று யார்?

மிகக் கனமான எதிர்வாதம் இதுதான்: பாதுகாத்தார்கள், சரி, யாருக்காக? 1970-களில் இந்த விடுதிகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியத்தில் காலம் தள்ளிய யூத முதியவர்கள். ஐரோப்பாவின் கொடுமைகளிலிருந்து தப்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். காலையில் திண்ணை நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். கேரி மன்றோ, ஆண்டி ஸ்வீட் என்ற இரு இளம் புகைப்படக்காரர்கள் அவர்களைப் படமெடுத்துவைக்காவிட்டால் அந்த வாழ்க்கைக்குச் சாட்சியே இருந்திராது. விடுதிகள் அழகானபின் வாடகை ஏறியது. முதியவர்கள் மறைந்தோ இடம்பெயர்ந்தோ போனார்கள். திண்ணைகளில் உணவக மேசைகள் வந்தன. கேப்பிட்மன் இந்த மக்களையும் சேர்த்தே காக்க நினைத்தவர். கட்டடங்கள் பிழைத்தன, குடியிருந்தவர்கள் பிழைக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளாத பாதுகாப்பு வாதம் எதுவும் நேர்மையானதல்ல.

ஆனாலும் வாடகை ஏறியதற்குப் பாதுகாப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பாதி உண்மை. முப்பது ஆண்டு கைவிடப்பட்ட கட்டடத்தை மீட்கும்போது செலவு 125-இன் பக்கம் நிற்கிறது. அந்தத் தொகை கடனாக வருகிறது, கடன் அறை வாடகையாக மாறுகிறது. இரண்டு சிறு அறைகளை இடித்து ஒன்றாக்குவதும், தெருவைப் பார்த்த முகப்பை மட்டும் நிறுத்திப் பின்னால் கோபுரம் எழுப்புவதும் அந்தக் கடனை அடைக்கும் வழிகள். டிக்சன் 1940-இல் கட்டிய ராலே விடுதியைப் பாருங்கள். அமெரிக்காவின் மிக அழகிய நீச்சல் குளம் என்று ‘லைஃப்’ இதழ் புகழ்ந்த குளம் அதனுடையது. இர்மாவுக்குப் பின் மூடிய அந்த விடுதியை மீட்கும் திட்டம், பக்கத்தில் ஒரு சொகுசுக் கோபுரத்தோடுதான் வருகிறது. ஐந்தின் பக்கம் நின்று தொடர்ந்து கவனித்த சிறு விடுதிக்கு இந்த நெருக்கடி இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் அறையை அதனால்தான் தர முடியும். பராமரிப்புக்குச் சலுகை, சில ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பொறியாளர் சோதனை, அந்த அறிக்கையை வரவேற்பு மேடையில் பயணியின் கண்படும்படி வைக்கும் விதி ஆகியவை, எந்தப் புதுச் சாயத்தையும்விட இந்தக் கடற்கரையை எளியவர்களுக்கு அருகில் வைத்திருக்கும். சர்ஃப்சைடுக்குப் பின் 2022-இல் ஃபுளோரிடா குடியிருப்புக் கட்டடங்களுக்குக் காலமுறைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. சோதனை அறிக்கை என்ன சொல்கிறது என்பதைத் தங்கவருகிறவரும் ஏன் பார்க்கக்கூடாது?

படிகள்

எல்லாம் சரி, கடல் ஏறுகிறதே என்பார்கள். ஏறுகிறது. அமெரிக்கக் கரையோரங்களில் 2020-ஐ ஒப்பிட 2050-க்குள் சராசரியாக 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரும் என்று அந்நாட்டுக் கடல் ஆய்வு அமைப்பு 2022-இல் கணித்தது. மயாமி பீச்சில் இலையுதிர்காலப் பெருவோதத்தின்போது வானம் தெளிந்திருக்கும் நாளிலும் சில தெருக்களில் உப்பு நீர் நிற்பதுண்டு. நகராட்சி ராட்சத பம்புகள் வைத்தது, சன்செட் ஹார்பர் பகுதியில் சாலைகளையே உயர்த்தியது. இதைக் காட்டி, எப்படியும் போகப்போவதற்கு ஏன் செலவு என்று கேட்பது தர்க்கம்போலத் தெரியும். ஆனால் இடித்த இடத்தில் யாரும் அலையாத்திக் காடு வளர்க்கப்போவதில்லை. அதே மணலில், இன்னும் பெரிய கட்டடத்தை, இன்னும் பல நூறு பேரைக் குடிவைத்து எழுப்பப்போகிறார்கள். கடல் பழைய மூன்று மாடிக்கு மட்டும் பகையாளி இல்லை. முப்பது ஆண்டு என்பது ஒரு விடுதியின் வாழ்வில் சிறிய காலமும் அல்ல. ஒரு தலைமுறைப் பயணிகள் வந்து தங்கிப்போகும் காலம்.

நகராட்சி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, வரலாற்றுக் கட்டடங்களை நீரோடு வாழப் பழக்குவது எப்படி என்று தெருவாரியாக யோசிக்கிறது: தரைத்தளத்தை உள்ளுக்குள்ளேயே உயர்த்தலாம், கட்டடத்தையே தூக்கலாம், நீர் வந்தாலும் கெடாத பொருள்களை வைக்கலாம். எல்லாமே விலை உள்ள வழிகள். சாலையை ஓரடி உயர்த்தினால் திண்ணைக்கு ஏறும் படிகளில் இரண்டு புதைந்துபோகும். இன்னும் ஓரடி உயர்ந்தால், தெருவிலிருந்து ஏறிப்போன விருந்தினர் தெருவிலிருந்து இறங்கிப்போக வேண்டிவரும். அப்போது அந்த மொசைக் தரையைப் பெயர்த்து மேலே கொண்டுபோவதா, அதன்மேல் புதுத்தளம் போட்டு மூடுவதா என்று யாராவது ஒரு விடுதிக்காரர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். தரைக்குக் கீழே அதைத் தாங்கும் கம்பி அந்த நாள்வரை பிழைத்திருந்தால்தான், அவர் முன்னால் அந்தக் கேள்வியே வந்து நிற்கும்.